ஒரு பக்கம் கிருஷ்ணர், மறுபக்கம் கிரஷர்: வடமதுரை மலைகளுக்கு என்னதான் பிரச்னை?

பௌர்ணமி அன்று திருவண்ணாமலை பக்கம் போயிருக்கிறீர்களா? பஸ்ஸை விட்டு இறங்கியதுமே கூட்டம் உங்களைத் தள்ளிக்கொண்டு போகும். செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி முடிக்கும்போது கால் கெஞ்சும். ஆனாலும் அடுத்த பௌர்ணமிக்கு மறுபடி போகத் தோன்றும்.

அதே கிரிவலத்தை நடக்காமல், விழுந்து விழுந்தே சுற்ற வேண்டும் என்றால்?

உத்தரப்பிரதேசத்தில் மதுராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கோவர்தன மலையைப் பலர் அப்படித்தான் சுற்றுகிறார்கள். சுற்றுப்பாதை 21 கிலோமீட்டர். தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். கை எட்டிய இடத்தில் ஒரு சின்னக் கல்லை வைத்து அடையாளம் செய்ய வேண்டும். எழுந்து அந்தக் கல் வரை வந்து, மறுபடி விழ வேண்டும். இதற்கு 'தண்டவதி பரிக்ரமா' என்று பெயர். இன்னும் கடுமையாகச் செய்பவர்களும் உண்டு. 108 கற்களை வைத்துக்கொண்டு, ஒரே இடத்தில் 108 முறை விழுந்து எழுந்த பிறகுதான் ஓர் ஆள் நீளம் முன்னே நகர்வார்கள். ஒரு சுற்று முடிய மாதக்கணக்கில் ஆகும்.

இவ்வளவு மரியாதை வாங்கும் அந்த மலையின் உயரம் எவ்வளவு தெரியுமா? சுற்றியுள்ள சமவெளியிலிருந்து பார்த்தால் அதிகபட்சம் 30 மீட்டர் அளவுக்குத்தான். நம்ம ஊர் கணக்கில் பத்து மாடி அபார்ட்மென்ட் உயரம்!

இந்தக் குட்டி மலைக்கு அக்கம்பக்கத்தில் நிறைய சொந்தக்கார மலைகள் இருக்கின்றன. குவாரி வந்தது அங்கேதான். வெடிவைத்து, லாரியில் ஏற்றி, ஜல்லியாக்கி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றுங்கள் என்று சாதுக்கள் 551 நாள்கள் உட்கார்ந்து போராடினார்கள். ஒருவர் உயிரையே விட்டார்.

ஒரு மலை எப்படிச் சாமி ஆகிறது, அதே மலை எப்படி ஜல்லி ஆகிறது, நடுவில் சட்டம் என்ன செய்கிறது... கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

மலைமேல் சாமி இல்லை, மலையே சாமி

மதுராவைச் சுற்றியுள்ள பகுதிக்கு 'விரஜ பூமி' என்று பெயர். கிருஷ்ணர் பிறந்து, மாடு மேய்த்து, வெண்ணெய் திருடி வளர்ந்த இடம் என்பது நம்பிக்கை.

கோவர்தனக் கதையைச் சின்ன வயதிலேயே கேட்டிருப்பீர்கள். மழைக்காக ஆயர்கள் ஆண்டுதோறும் இந்திரனுக்குப் படையல் போடுவார்கள். 'நம்ம மாடுகளுக்குப் புல்லும் தண்ணீரும் தருவது இந்த மலைதானே, படையலை இதற்கே போடுவோம்' என்கிறார் சிறுவன் கிருஷ்ணர். கோபமான இந்திரன் ஏழு நாள் பேய் மழை பெய்ய வைக்கிறான். கிருஷ்ணர் மலையைச் சுண்டுவிரலால் தூக்கிக் குடையாகப் பிடிக்கிறார். இன்றைக்கும் வட இந்தியாவில் தீபாவளிக்கு அடுத்த நாள் கோவர்தன பூஜை. மலைபோல் சோறும் பட்சணமும் குவித்துப் படைப்பார்கள். 'அன்னகூடம்' என்று பெயர்.

கதையின் நடுவில் இருக்கும் அந்த வாதத்தைக் கவனியுங்கள். ஒரு மலை ஊருக்கு என்ன தருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்து, நன்றியை அதற்குச் சொல்லச் சொல்கிறார். பக்தர்கள் கோவர்தன மலையைக் கிருஷ்ணரின் வடிவமாகவே பார்க்கிறார்கள். அதனால் அதன்மேல் கால் வைப்பதில்லை. சுற்றி வருவதுதான் வழிபாடு.

கோவர்தனம் மட்டும் அல்ல. ராதை ஊரான பர்சானாவில் உள்ள மலை பிரம்மாவின் வடிவம். அதன் நான்கு சிகரங்களும் பிரம்மாவின் நான்கு தலைகள். நந்தகோபர் ஊரான நந்தகாவ் மலை சிவனின் வடிவம். கோவர்தனம் விஷ்ணு. மும்மூர்த்திகளும் கிருஷ்ணரின் விளையாட்டைப் பார்க்க மலைகளாக வந்து உட்கார்ந்தார்கள் என்பது அந்த மக்களின் நம்பிக்கை.

ராஜஸ்தான் பக்கம் போனால் காமா என்று ஓர் ஊர். பழைய பெயர் காம்யவனம். அங்கே பாறையில் தட்டு மாதிரி குழிகள் இருக்கின்றன. கிருஷ்ணரும் நண்பர்களும் சாப்பிட்ட 'போஜன் தாலி' என்கிறார்கள். பாறையில் பாதம் பதிந்த 'சரண் பஹாடி' இருக்கிறது. சிறுவர்கள் சறுக்கி விளையாடி வழவழப்பான பாறை என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். இன்றைக்கும் குழந்தைகள் அதில் சறுக்குகிறார்கள்.

பக்கத்திலேயே ஆதி பத்ரி. நந்தகோபரும் யசோதையும் வயதான காலத்தில் இமயமலைக்குத் தீர்த்த யாத்திரை போக ஆசைப்பட்டார்களாம். 'அவ்வளவு தூரம் எதற்கு? நான் இங்கேயே வரவழைக்கிறேன்' என்று கிருஷ்ணர் பத்ரிநாத், கேதார்நாத் எல்லாவற்றையும் விரஜ பூமிக்கே கொண்டுவந்தார் என்பது கதை. பெற்றோரின் மூட்டுவலிக்காக இமயமலையையே இடம் மாற்றிய பிள்ளை!

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால், இந்தக் கதைகள் எல்லாம் எழுதப்பட்டிருப்பது பாறையில். சிலை உடைந்தால் வேறு சிலை செய்து பிரதிஷ்டை பண்ணலாம். கோயிலைக்கூடப் பிரித்து வேறு இடத்தில் கட்டியிருக்கிறார்கள். பாதம் பதிந்த பாறை ஜல்லியாகிவிட்டால் அதை எங்கே போய்த் தேடுவது?

மதுரைக்காரர் போட்ட மேப்

இதில் நமக்கு ஒரு கனெக்‌ஷன் இருக்கிறது. ஆழ்வார்கள் பாடிய 108 திவ்ய தேசங்களில் வடமதுரையும் ஒன்று. அதாவது இந்த மதுரா. கோவர்தனத்தையும் அதோடு சேர்த்தே கும்பிடுகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த பெரியாழ்வார், கோவர்தன மலைக்கென்றே தனியாக ஒரு பதிகம் பாடியிருக்கிறார்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 16-ம் நூற்றாண்டில் நாராயண பட்டர் என்பவர் தெற்கிலிருந்து விரஜ பூமிக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் பிறந்தது நம்ம மதுரையில் என்பது அவரைப் பற்றிய வரலாறு. ஊர் ஊராக, காடு காடாக, குளம் குளமாக நடந்து, கிருஷ்ண லீலையில் எந்தச் சம்பவம் எந்த இடத்தில் நடந்தது என்று அடையாளப்படுத்தினார். 1552 வாக்கில் அவர் எழுதிய 'விரஜ பக்தி விலாசம்' என்ற நூல், யாத்திரை போகிறவர்களுக்கு அந்தக் காலத்து கூகுள் மேப் மாதிரி. பர்சானா ராதாராணி கோயிலை நிறுவியதும் அவர்தான் என்கிறார்கள். தென்மதுரைக்காரர் வடமதுரைக்கு வழி சொல்லியிருக்கிறார்!

அந்த யாத்திரையின் பெயர் '84 கோஸ் பரிக்ரமா'. ஒரு கோஸ் என்பது சுமார் 3 கிலோமீட்டர். மொத்தம் 250 கிலோமீட்டருக்கும் மேல். நடந்து முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். வழியில் கூடாரம் போட்டுத் தங்கி, ஊர்க்காரர்கள் தரும் மோரையும் ரொட்டியையும் சாப்பிட்டுக்கொண்டு, குளம், தோப்பு, மலை என்று ஒவ்வொன்றாகக் கும்பிட்டுப் போவார்கள்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் மனதில் புனிதத் தலம் என்றால் ஒரு புள்ளி. கர்ப்பக்கிரகம் இருக்கும் இடம். ஆனால், இந்த யாத்திரையில் புனிதம் ஒரு கோடு. நடக்கிற பாதை முழுக்கச் சாமிதான். கட்டுரையின் கடைசிவரை இந்தப் புள்ளியும் கோடும் நமக்குத் தேவைப்படும்.

பாதைக்குக் குறுக்கே வந்த குவாரி

நாராயண பட்டர் நடந்த காலத்தில் விரஜ பூமி ஒரே நிலம். இன்றைக்கு அந்தப் பாதை உத்தரப்பிரதேசம், ராஜஸ்தான், ஹரியானா என மூன்று மாநிலங்களுக்குள் புகுந்து புறப்படுகிறது. கோவர்தன மலையின் தெற்கு முனைகூட ராஜஸ்தானுக்குள்தான் இருக்கிறது.

காமா, டீக் வட்டாரங்களில் உள்ள மலைகள், ஆரவல்லி மலைத்தொடரின் கிழக்குக் கிளைகள். அப்போது அவை ராஜஸ்தானின் பரத்பூர் மாவட்டத்தில் இருந்தன. இப்போது டீக் தனி மாவட்டம். யாத்திரை போகிறவருக்கு அது ஆதி பத்ரி. கான்ட்ராக்டருக்கு அது நல்ல கெட்டியான கல். டெல்லியும் அதைச் சுற்றிய நகரங்களும் ராட்சச வேகத்தில் வளர்ந்துகொண்டிருக்க, லாரி ஓட்டிப்போகும் தூரத்தில் மலைகள். வேறென்ன வேண்டும்?

குவாரி வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். முதலில் பாறையில் டிரில்லிங் மெஷினால் வரிசையாகத் துளை போடுவார்கள். அதில் வெடிமருந்தை நிரப்பி வெடிப்பார்கள். விழுந்த பாறைகளைப் பொக்லைன் அள்ளி டிப்பர் லாரியில் போடும். லாரி கிரஷருக்குப் போகும். அங்கே ஒன்றரை ஜல்லி, முக்கால் ஜல்லி, தூள் என்று பிரித்துக் குவிப்பார்கள். பல கோடி ஆண்டுகள் எடுத்து உருவான பாறை, சில மணி நேரத்தில் அபார்ட்மென்ட் தூணுக்குத் தயார்.

கல்லோடு கதை முடிவதில்லை. வறண்ட பூமியில் மலைதான் தண்ணீர்த் தொட்டி. மழை பெய்தால் பாறை இடுக்கில் இறங்கி, அடிவாரக் குளத்துக்கும் கிணற்றுக்கும் மெதுவாக வந்து சேரும். மலையை வெட்டினால் குளம் வற்றும். விரஜ யாத்திரையில் குண்டங்கள் எனப்படும் புனிதக் குளங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. மலை போனால் தீர்த்தமும் போகும், மேய்ச்சலும் போகும். கோவர்தனக் கதையில் கிருஷ்ணர் போட்ட அதே கணக்கு!

விட்டுப்போன இரண்டு மலைகள்

சாதுக்களும் கிராமத்து மக்களும் 2000-களிலிருந்தே போராடினார்கள். அதன் பலனாக, 2009-ல் ராஜஸ்தான் அரசு இந்தப் பகுதியில் 5,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட மலை நிலத்தை வனப்பகுதியாக அறிவித்தது. பெரிய வெற்றிதான். ஆனால், ஆதி பத்ரி, கனகாசலம் ஆகிய இரண்டு மலைகளின் பகுதிகள் அந்த எல்லைக்குள் வரவில்லை. அங்கே குவாரிகள் தொடர்ந்தன. அவற்றில் பலவும் அரசிடம் முறையாகக் குத்தகை எடுத்தவை. 'சட்டவிரோதக் குவாரி, உடனே மூடு' என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாத நிலைமை.

2021 ஜனவரியில் பசோபா என்ற கிராமத்தில் சாதுக்கள் தர்ணாவில் உட்கார்ந்தார்கள். கொரோனா இரண்டாம் அலை வந்தது, போனது. இரண்டு கோடைகள் கடந்தன. மனுக்கள், பேச்சுவார்த்தைகள், வாக்குறுதிகள். நாள் எண்ணிக்கை 100, 300, 500 என்று ஏறியது. தேசிய ஊடகங்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

551-வது நாளை ஒட்டி, 2022 ஜூலையில் நிலைமை முற்றியது. ஒரு சாது செல்போன் டவரில் ஏறிக்கொண்டார். மறுநாள், ஜூலை 20 அன்று, பசோபா கோயிலில் இருந்த விஜய் தாஸ் என்ற 65 வயது சாது தீக்குளித்தார். அன்றைக்கே அரசுத் தரப்பிலிருந்து உறுதி வந்தது. இரண்டு மலைகளிலும் 750 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலம் வனமாக அறிவிக்கப்படும், குவாரிகள் வேறு இடத்துக்கு மாற்றப்படும் என்றார்கள். போராட்டம் முடிந்தது. ஜூலை 23 அன்று டெல்லி மருத்துவமனையில் விஜய் தாஸ் இறந்துபோனார்.

இதைத் தியாகம் என்று கொண்டாடிவிட்டுக் கடந்துபோக மனசு வரவில்லை. 550 நாள்கள் அமைதியாகக் கேட்டபோது கிடைக்காத கையெழுத்து, ஓர் உயிர் போகும்போது ஒரே நாளில் கிடைக்கிறது என்றால், தப்பு எங்கே இருக்கிறது? உயிரை மாய்த்துக்கொள்வது எந்தப் போராட்டத்துக்கும் வழி அல்ல. அப்படி ஓர் எண்ணம் உங்களுக்கோ, உங்களுக்குத் தெரிந்தவருக்கோ வந்தால், தமிழகத்தில் 104 என்ற எண்ணை அழைத்துப் பேசுங்கள். அதோடு, அமைதியாகக் கேட்பவரின் குரல் காதில் விழும் ஏற்பாடு நம்மிடம் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

'வனம்' என்ற ஒரு வார்த்தை

சாதுக்கள் ஏன் 'புனித மலையாக அறிவியுங்கள்' என்று கேட்காமல், 'வனமாக அறிவியுங்கள்' என்று கேட்டார்கள்? இதில்தான் விஷயமே இருக்கிறது.

நம் சட்டங்களில் 'புனித மலை' என்று ஒரு வகையே கிடையாது. ஒரு மலை தப்பிப்பதும் தப்பிக்காததும், அது எந்தப் பதிவேட்டில் என்னவென்று எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கட்டுமானக் கல், சட்டத்தின் கண்ணில் 'சிறு கனிமம்'. 1957-ம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டப்படி, சிறு கனிமங்களுக்கு விதிமுறை வகுத்துக் குத்தகை கொடுக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு. வருவாய்த் துறை நிலமாக இருந்தால், ஒரு மலையைக் குவாரிக்குக் கொடுப்பது மாநில அளவிலேயே முடிந்துவிடும்.

அதே மலை 'வனம்' என்று பதிவானால், 1980-ம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் உள்ளே வரும். வனத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்த மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. ஆனாலும், கதவுக்கு ஒரு பூட்டு கூடுதல்.

மூன்றாவது வழி, தொல்லியல். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சுற்றி முதல் 100 மீட்டரில் எதுவும் செய்யக் கூடாது. அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் செய்ய முடியும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், இது புள்ளியைச் சுற்றிப் போடும் வட்டம். 250 கிலோமீட்டர் பாதைக்கும், அதன் ஓரத்து மலைகளுக்கும் வட்டம் போட முடியுமா? கோயில் பத்திரமாக இருக்கும், அதைச் சுமந்த மலை பாதியாகியிருக்கும். மக்கள் கும்பிடுவது கோட்டை. சட்டம் காப்பது புள்ளியை.

நான்காவதாக ஒரு வழியை ஒடிசாவின் நியமகிரி மலை காட்டியது. டோங்ரியா கோந்த் பழங்குடியினருக்கு அந்த மலை, அவர்களின் தெய்வமான நியம ராஜாவின் இருப்பிடம். அங்கே பாக்சைட் எடுக்கத் திட்டம் வந்தது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அந்த மக்களின் வழிபாட்டு உரிமை பாதிக்குமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் 'வேண்டாம்' என்றன. மலை தப்பியது. ஆனால், அந்தத் தீர்ப்புக்கு அடித்தளமாக இருந்தது 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம். காடு சார்ந்து வாழும் மக்களுக்கான சட்டம் அது. சமவெளி யாத்ரீகருக்கும் சாதுவுக்கும் அப்படி ஓர் ஆயுதம் இல்லை.

அப்போ வேலை பார்க்கிறவங்க?

நியாயமான கேள்வி. ஆதி பத்ரி குவாரிகளை நம்பி ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். குவாரியை மூடினால் அவர்கள் வீட்டு அடுப்பு எரியாது என்பதும் நிஜம். டிரில்லர், லோடுமேன், டிரைவர், டீக்கடைக்காரர் என்று ஒரு சங்கிலியே இருக்கிறது.

அதே வேலைதான் அவர்கள் நுரையீரலையும் அரிக்கிறது. கல் தூசியைப் பல வருடம் சுவாசித்தால் வருவது சிலிக்கோசிஸ். குணப்படுத்த முடியாத நோய். ராஜஸ்தானில் இது எவ்வளவு பெரிய பிரச்னை என்றால், 2019-ல் இதற்கென்றே தனிக் கொள்கை அறிவித்து நிவாரணம் தர வேண்டிய நிலை அரசுக்கு வந்தது.

நாமும் இதிலிருந்து தப்பிக்க முடியாது. இதைப் படிக்கும் உங்கள் வீட்டுச் சுவரிலும், எழுதும் என் ஆபீஸ் கட்டடத்திலும் ஏதோ ஒரு மலை இருக்கிறது. ஆற்று மணல் குறைந்ததும் எம்-சாண்டுக்கு வந்தோம். எம்-சாண்ட் என்பதும் அரைத்த மலைதான். கல்லே எடுக்கக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. எந்த மலையில், எவ்வளவு, யாரைக் கேட்டு என்பதுதான் கேள்வி. இடிக்கும் கட்டடங்களின் கழிவை மறுபடி ஜல்லியாக்கும் தொழில்நுட்பம் டெல்லி போன்ற நகரங்களிலேயே இருக்கிறது. புது மலையை உடைப்பது மலிவாக இருக்கும்வரை அது பின்வரிசையில்தான் நிற்கும்.

வடமதுரையிலிருந்து தென்மதுரைக்கு...

நாராயண பட்டர் புறப்பட்ட மதுரைக்கே வருவோம். மேலூர் அருகே அரிட்டாபட்டி. 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழி கல்வெட்டு, சமணர் படுக்கைகள், தீர்த்தங்கரர் சிற்பம், பாண்டியர் காலத்துச் சிவன் குடைவரை, அபூர்வ வல்லூறுகள் என எல்லாம் ஒரே ஊரில். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேரைத் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பர்யத் தலமாக அரசு அறிவித்தது.

இரண்டே வருடம். 2024 நவம்பரில், அந்தத் தலத்தையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கான மத்திய அரசின் ஏலத்தில், வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக அறிவிப்பு வந்தது. பரப்பு 2,015 ஹெக்டேர். டங்ஸ்டன் சிறு கனிமம் அல்ல, 'முக்கியக் கனிமம்'. 2023-ல் வந்த சட்டத்திருத்தப்படி அவற்றை ஏலம் விடுவது மத்திய அரசு.

ஊர் கொந்தளித்தது. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. டிசம்பர் 24 அன்று மத்திய அரசு, பல்லுயிர்த் தலத்தை விட்டுவிட்டு எல்லையை மாற்ற முடியுமா என்று ஆராயச் சொன்னது.

அந்த இடத்தில் மேலூர் மக்கள் சுதாரித்துக்கொண்டார்கள். 193 ஹெக்டேரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, மிச்சத்தை எடுத்துக்கொள்வதா? புள்ளியைக் கொடுத்துவிட்டுக் கோட்டை எடுக்கும் அதே கணக்கு! கண்மாய்க்குத் தண்ணீர் வருவது எங்கிருந்து, ஆடு மேய்வது எங்கே, சாமி கும்பிடப் போகும் வழி எது என்று கேட்டார்கள். 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் மதுரையை நோக்கி நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் முழுதாக ரத்தானது. ஓர் உயிர்கூடப் போகாமல், மூன்றே மாதத்துக்குள்!

மலையை ஸ்கேலால் அளக்கலாமா?

வடக்கே கதை இன்னும் முடியவில்லை. 2025 நவம்பரில் ஆரவல்லிக்கு ஒரு புது வரையறையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. சுற்றுப்புற நிலத்திலிருந்து குறைந்தது 100 மீட்டர் உயரம் இருந்தால்தான் அது ஆரவல்லி மலை. குறைவான உயரமுள்ள குன்றுகளின் கதி என்ன என்று ராஜஸ்தான், ஹரியானாவில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. டிசம்பர் 29 அன்று நீதிமன்றமே அந்த உத்தரவை நிறுத்திவைத்தது.

இப்போது கட்டுரையின் ஆரம்பத்தில் பார்த்த அந்த 30 மீட்டரை நினைத்துப் பாருங்கள். கோவர்தனத்தின் பெரும்பகுதி அந்த வரையறைக்குள் வரும் மாநிலத்தில் இல்லைதான். ஆனால், அந்த ஸ்கேலை வைத்து அளந்தால், கோடிக்கணக்கானோர் கும்பிடும் மலை 'மலை' என்ற கணக்கிலேயே சேராது.

கோவர்தனம் பற்றி ஒரு பழைய கதை உண்டு. புலஸ்திய முனிவரின் சாபத்தால், அந்த மலை தினமும் ஒரு கடுகளவு குறைந்துகொண்டே வருகிறதாம். கடுகளவு குறைவதற்கே முனிவரின் சாபம் வேண்டியிருந்தது. நமக்கு ஒரு குத்தகை ஆர்டர் போதும்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

உங்கள் ஊரிலும் ஒரு குன்று இருக்கும். உச்சியில் ஒரு வேல் நட்டிருக்கலாம். அடிவாரத்தில் கன்னிமார் கோயில் இருக்கலாம். வருடத்துக்கு ஒரு நாள் மட்டும் ஊரே ஏறிப்போய்ப் பொங்கல் வைக்கலாம். அந்தக் குன்று அரசுப் பதிவேட்டில் என்னவாக இருக்கிறது என்று தெரியுமா?

தமிழக அரசின் நிலப் பதிவேட்டு இணையதளத்தில் புல எண்ணைப் போட்டால் 'அ-பதிவேடு' விவரத்தை போனிலேயே பார்க்கலாம். 'வனம்' என்று இருக்கிறதா, 'புறம்போக்கு' என்று இருக்கிறதா, 'கல்லாங்குத்து' என்று இருக்கிறதா, பாருங்கள். ஊர் அதை என்ன பெயர் சொல்லிக் கும்பிட்டாலும், அதன் தலையெழுத்து அந்தக் கட்டத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானம் போடச் சொல்லலாம். பெரிய சுரங்கத் திட்டங்களுக்கு 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும். போய்ப் பேசலாம். ஆனால், டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமங்களுக்கு அந்தக் கூட்டமே வேண்டாம் என்று 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு கொடுத்துவிட்டது. அடுத்த அரிட்டாபட்டிக்கு மக்களைக் கூப்பிட்டுக் கேட்கும் கட்டாயம் இல்லை. அதனால்தான் முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது முக்கியம்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அந்தக் குன்றை ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். பாட்டியையோ தாத்தாவையோ பிடித்து, எந்தப் பாறைக்கு என்ன பெயர், என்ன கதை என்று கேட்டு போனில் ரெக்கார்டு பண்ணிக்கொள்ளுங்கள். 470 வருடங்களுக்கு முன்னால் ஒரு மதுரைக்காரர் செய்ததும் இதைத்தான். அவர் எழுதிவைத்த பெயர்களைச் சொல்லித்தான், பசோபாவில் அந்தச் சாதுக்கள் 551 நாள்கள் உட்கார்ந்திருந்தார்கள்.